கழுத்து வலி: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது

புதுச்சேரியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். போக வர பஸ், நடுவில் எட்டு ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர். முகூர்த்த மாதம் வந்தால் பத்திரிகை வேலை இரவு வரை இழுக்கும். எனக்குக் கழுத்து வலி வந்து ஐந்து மாதம் படுத்திவிட்டுப் போனது. அதற்குப் பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள், எதிர்த்த தையல் கடை அக்கா, பஸ் சிநேகிதர்கள் என்று பலரும் அதே வலியோடு வந்து கேட்டார்கள். பார்த்தவரை, அவர்கள் செய்யும் வைத்தியம் பாதிக்கு மேல் சரிதான். வரிசைதான் தப்பு. இரண்டாவது வாரம் செய்ய வேண்டிய பயிற்சியை வலி வந்த அன்றே செய்வார்கள். முதல் நாளே கவனிக்க வேண்டியதை மூன்று மாதம் கழித்து டாக்டர் கேட்கும்போது யோசிப்பார்கள்.

நான் டாக்டர் இல்லை. பிசியோவிடம் (உடற்பயிற்சி வைத்தியம் சொல்லித் தருபவர்) கற்றுக்கொண்டதும், என் கழுத்திலும் பிறர் கழுத்திலும் பார்த்ததும்தான் இது.

1. வீட்டில் பார்க்கிற வலிதானா என்று முடிவு செய்யுங்கள்

இதில் தவறினால் மற்றப் படிகளெல்லாம் வீண் என்பதால் இது முதலில். கழுத்து வலியில் பெரும்பகுதி தசையும் மூட்டும் பிடித்துக்கொண்டதால் வருவது. சில நாளில் தளரும், சில வாரத்தில் போய்விடும். ஆனால் சில வலிகளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

வண்டியிலிருந்து விழுந்து வந்த வலி, மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து வந்த வலி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் குளிக்கும்போது அலை புரட்டித் தலை மணலில் மோதி வந்த வலி: இவற்றில் ஆளைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லாதீர்கள். அசையாமல் படுக்கச் சொல்லி 108-ஐ அழையுங்கள். எலும்பு உடைந்திருந்தால், உதவி செய்வதாக நினைத்து நாம் ஆட்டுவதே தண்டுவடத்தைக் கெடுத்துவிடும்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்து, மோவாயை நெஞ்சுக்குக் கொண்டுவர முடியாமல், தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுவது என்று சேர்ந்து வந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அந்த நேரமே கிளம்ப வேண்டும்.

கழுத்து, தாடை, இடது கை வலிக்க, கூடவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் இதயத்தைச் சந்தேகியுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி தெரியாமலேகூட மாரடைப்பு வரும். "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக் காலத்தைக் கடத்தாதீர்கள்.

வாழ்க்கையில் பார்க்காத ஒரு கடும் வலி திடீரென்று வந்து, தலை சுற்றல், பேச்சுக் குழறல், முகம் கோணுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது இருந்தால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கோளாறாக இருக்கலாம். இதுவும் அவசரம்தான்.

எல்லோரும் கோட்டை விடுவது இன்னொன்று. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், சாவி கை நழுவும், கையெழுத்து மாறும், நடை லேசாகத் தள்ளாடும், செருப்பு காலை விட்டுக் கழன்றதுகூடத் தெரியாது. சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாது, அல்லது வராது. இது தண்டுவடம் நசுங்குகிற அறிகுறி. இதில் கழுத்து வலி கொஞ்சமாகவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் வலியைப் பற்றிக் கேட்பதோடு, பொத்தானைப் பற்றியும் நடையைப் பற்றியும் கேளுங்கள்.

முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், காரணமில்லாமல் எடை குறைபவர்கள், மாலைக் காய்ச்சல் உள்ளவர்கள், படுத்தாலும் குறையாமல் இரவெல்லாம் வலிப்பவர்கள் ஆகியோரும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். காசநோய் முதுகெலும்பையும் பிடிக்கும்.

அவசரம் என்று தெரிந்தால் மறுநாள் ஓபி சீட்டுக்குக் காத்திருக்காமல் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

2. வலி எங்கே போகிறது என்று எழுதுங்கள்

மேலே சொன்னது எதுவும் இல்லையா? சரி, ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். கழுத்து, தோள், கை என்று ஒரு கோட்டுப் படம் வரைந்து வலிக்கிற இடத்தை நிழலிடுங்கள். எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். டாக்டரிடம் நமக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். "எல்லா இடமும் வலிக்குது சார்" என்று சொன்னால் அந்த நிமிடமும் வீண்.

வலி கழுத்து, பிடறி, தோள்பட்டை மேடு ஆகியவற்றோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் தசையும் மூட்டும்தான். அது கையில் மின்சாரம் போலச் சுரீரென்று இறங்கினால், விரல் மரத்தால், நரம்பு வேரில் அழுத்தம் இருக்கலாம். எந்த விரல் என்பது முக்கியம். கட்டைவிரல் பக்கம் என்றால் ஆறாவது கழுத்து நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது, சுண்டுவிரல் பக்கம் என்றால் எட்டாவது என்று டாக்டர் கணக்குப் போடுவார். வலிக்கிற கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் சுகமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நரம்பு வலியில் பலருக்கு அப்படித்தான் இருக்கும்.

கழுத்து வலி போல வேஷம் போடும் இரண்டு உண்டு. கழுத்து நன்றாகத் திரும்புகிறது, ஆனால் கையைத் தூக்கித் தலை வாரவோ பின்னால் கொண்டுபோகவோ முடியவில்லை என்றால் கோளாறு தோள் மூட்டில். சுகர் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். இரவில் கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போய் விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கும். இந்த இரண்டுக்கும் கழுத்துப் பயிற்சி செய்துகொண்டே இருந்தால் மாதக்கணக்கில் பலன் இருக்காது.

3. கைவசம் வேண்டியவை

ஒரு குளியல் துண்டு, வெந்நீர்ப் பை அல்லது துணியில் கட்டிய கல்லுப்பு, கைப்பிடி இல்லாத நாற்காலி, சாய்ந்து நிற்க ஒரு சுவர், அலாரம் வைக்க போன். வேறு எதுவும் வாங்க வேண்டாம். காலர், கழுத்தில் மாட்டுகிற மசாஜ் மெஷின், தலையைக் கட்டித் தொங்கவிடும் கருவி எல்லாம் இப்போதைக்குக் கடையிலேயே இருக்கட்டும்.

4. முதல் மூன்று நாள்: வலியைத் தணியுங்கள்

பிடித்த தசையை முறுக்கினால் அது இன்னும் இறுகும். அதனால் இந்த நாட்களில் பயிற்சி வேண்டாம், தணிப்பு மட்டும் போதும்.

ஒத்தடம் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. சூடா, ஐஸா என்று சண்டையே நடக்கும். எது உங்களுக்குச் சுகமோ அது. எனக்கு வறுத்த கல்லுப்பு. சுகர் இருந்து தோல் உணர்ச்சி குறைந்தவர்கள், சூட்டை வேறொருவர் கையில் வைத்துச் சரிபார்த்த பிறகே வையுங்கள். கொப்பளித்த பிறகுதான் தெரிந்தது என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மெடிக்கலில் "கழுத்து வலி" என்று சொன்னால் பேப்பரில் மடித்து நாலு மாத்திரை தருவார்கள். பெயர் தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள். அட்டையோடு கேட்டு வாங்குங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஒரே நாளில் சுகமாக இருக்கும், சுகர் எகிறும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், பிபி உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தால் இந்த வகையைத் தொடவே கூடாது. அது டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

படுத்தே கிடக்காதீர்கள். காலரும் வேண்டாம். டாக்டர் சொன்னால் மட்டும் சில நாள் போடலாம். காலர் தலையைத் தாங்குவதால் கழுத்துத் தசை வேலையை விட்டுவிடும். கழற்றும் நாளில் நாலரை, ஐந்து கிலோ தலையைத் தாங்க அதற்குத் தெம்பு இருக்காது. ஒரு பஸ் நண்பர் நாலு மாதம் காலரோடு போய் வந்தார். கடைசியில் வலியைவிடக் காலரை விடுவதுதான் அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

சலூனில் முடிவெட்டியதும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'டக்' என்று நெட்டி எடுப்பார்களே, அதற்கு மட்டும் எப்போதுமே "வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. திடீர்த் திருகலில் குழாயின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் ஒரு சத்தத்துக்காக அந்த ஆபத்து எதற்கு? சுளுக்கு வழிக்கும் பாட்டி எண்ணெய் தடவி மெதுவாக உருவிவிட்டால் தடையில்லை. திருகக் கூடாது, அவ்வளவுதான்.

5. நாலாம் நாள்: அசைக்கத் தொடங்குங்கள்

அதற்கு முன்பே வலி தளர்ந்தால் முன்பே தொடங்கலாம். அசையாமல் வைத்தால் மூட்டு இறுகும், "அசைத்தால் ஆபத்து" என்ற பயமும் ஏறிக்கொள்ளும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தலையை வலப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். வலி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி இரண்டு மூச்சு விடுங்கள். நடுவுக்கு வந்து இடப்பக்கம். அப்புறம் காதைத் தோள் பக்கம் சாய்ப்பது, தோளைத் தூக்காமல். கடைசியாகக் குனிவது, நிமிர்வது. ஒவ்வொன்றும் ஐந்து முறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்யும் தப்பு, தலையை ராட்டினம் மாதிரி முழு வட்டம் சுற்றுவது. பள்ளிக்கூட டிரில் வகுப்பில் கற்றது. பின்னால் சாய்ந்தபடியே சுற்றும்போது மூட்டுகள் நெருங்கித் தலை கிறுகிறுக்கும். பெரியவர்களுக்கு விழும் ஆபத்தும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்.

இதற்கு ஒரு அளவுகோல்: செய்யும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாள் கூடினால் பாதியாகக் குறையுங்கள். கையில் இருந்த வலி தோளுக்கு ஏறி, பிறகு கழுத்தோடு நின்றால் நல்ல அறிகுறி, கழுத்து கூடுதலாக வலிப்பது போலத் தோன்றினாலும் சரி. தோளில் இருந்தது விரலுக்கு இறங்கினால் அந்த அசைவை நிறுத்துங்கள்.

6. கழுத்து நாளெல்லாம் இருக்கும் இடத்தை மாற்றுங்கள்

பயிற்சி பத்து நிமிடம். மீதி நேரம் கழுத்து எங்கே இருக்கிறது? எனக்கு ஐந்து மாதம் வீணானது இதை யோசிக்காததால்தான். காலையில் சிரத்தையாகப் பயிற்சி செய்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் பழைய நாற்காலியில் பழைய கோணத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும். லேப்டாப் என்றால் நாலு பழைய டைரியை அடுக்கி அதன்மேல் வைத்து, கீபோர்டைத் தனியாக வாங்கிவிடுங்கள். முழங்கை மேசையில் தாங்கலாக இருக்கட்டும். தொங்கும் கையின் பாரம் தோள் வழியாகக் கழுத்துக்குத்தான் போகும். டைப் செய்யும் மேட்டரை மேசையில் கிடத்தாமல் திரைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். நான் காலண்டர் அட்டையில் கிளிப் போட்டுச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

நாற்பதைத் தாண்டி, மேலும் கீழுமாக இரண்டு பவர் உள்ள கண்ணாடி போடுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. திரையைக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள். பிடறி வலி அங்கிருந்துதான். திரையை நாலு விரல் இறக்குங்கள். தீராவிட்டால் கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி போடுங்கள். எங்கள் புரூஃப் ரீடருக்கு இது ஒன்றிலேயே பாதி வலி போனது.

போனைப் பற்றி ஒரு செய்தி வாட்ஸப்பில் வருடந்தவறாமல் வரும்: 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ பாரம் என்று. அது 2014-ல் கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு, ஆட்களை வைத்து அளந்ததில்லை. பயப்பட வேண்டியதில்லை, கழுத்து குனியத்தான் இருக்கிறது. ஒரே குனிவில் நாற்பது நிமிடம் ரீல்ஸ் பார்ப்பதுதான் தொல்லை. அரை மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் போதும். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால், நிமிர்ந்து உட்கார்ந்தாலும் வலிக்கும்.

தையல் மெஷினில் குனிபவர்கள், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்கள், அரிவாள்மணையில் காய் நறுக்குபவர்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு வேலை செய்ய முடியாது. உயர்த்த வேண்டியது வேலையைத்தான். மெஷின் மேசைக்கு அடியில் நாலு மரக்கட்டை, முந்திரிக்குத் தரைக்குப் பதில் ஒரு உயரமான பலகை, காய்க்கு நின்றபடி நறுக்கக் கத்தி. தையல் அக்கா, வேலையைப் பிரித்து வைத்துக்கொண்டார். அரை மணி தைப்பார், எழுந்து நின்று துணி வெட்டுவார், மறுபடி தைப்பார். சம்பளமும் குறையவில்லை.

முதுநகர் துறைமுகத்தில் மீன்கூடை சுமக்கும் அம்மாக்களிடம் "தலைச்சுமை வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வலி இருக்கும் வாரங்களில் பாதிப் பாரம், இரண்டு நடை. சும்மாடு தடிமனாக, வழுக்காமல் இருக்க வேண்டும். கூடையை ஏற்றி இறக்க ஆள் வேண்டும். அனேகமாகக் கழுத்து பிடித்துக்கொள்வது தனியாக ஏற்றும் அந்த நொடியில்தான்.

பஸ்ஸில் தூங்குபவர்களுக்கு: கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் தலை தொங்கிவிடும், பிரேக் போட்டால் வெடுக்கென்று ஆடும். துண்டைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் தலையில் ஆடாத ஹெல்மெட் போடுங்கள். காற்றில் ஆடும் ஹெல்மெட்டைப் பிடித்து வைக்கக் கழுத்து வழியெல்லாம் உழைக்கும். வலி என்பதற்காக ஹெல்மெட்டையே விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தலையணை. கழுத்து பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் போடச் சொல்வார்கள் எங்கள் ஆயா. வெயில் என்ன செய்ததோ, சந்தேகப்பட்ட ஆள் சரியான ஆள்தான். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவர்களுக்கு அதைவிடத் தாழ்வு. குப்புறப் படுத்தால் இரவெல்லாம் கழுத்து ஒரு பக்கம் திரும்பியே கிடக்கும், அதை மட்டும் விடப் பாருங்கள். தலையணையே இல்லாமல் படுப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. துண்டை மடித்து உயரத்தைக் கூட்டிக் குறைத்து மூன்று இரவு சோதித்துவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

7. இரண்டாவது வாரத்திலிருந்து: வலுவேற்றுங்கள்

வலி பாதியானதும் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். திரும்ப வருவது அதனால்தான். தணிந்தது வலி மட்டும். தசை இன்னும் பலவீனமாகவே இருக்கும்.

முதலில் மோவாய் இழுப்பு. மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில் மடித்த துண்டு. "ஆமாம்" என்று சின்னதாகத் தலையாட்டுவது போல மோவாயை உள்ளே இழுத்துப் பத்து நொடி பிடித்து விடுங்கள். பத்து முறை. தலையைத் துண்டில் அழுத்துவதும் பல்லைக் கடிப்பதும் தப்பு. கழுத்தின் முன்பக்கம் ஆழத்தில் உள்ள மெல்லிய தசைகளுக்கான பயிற்சி இது, முரட்டுத்தனம் காட்டினால் வேறு தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். ஒரு வாரம் படுத்துப் பழகிய பிறகு சுவரில் சாய்ந்து நின்று செய்யலாம்.

அடுத்தது தோள்பட்டை. இரண்டு பட்டை எலும்பையும் பின்னால் ஒன்றை ஒன்று தொடுவது போல இழுத்து ஐந்து நொடி, பத்து முறை. தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. பழகியதும் இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு, லேசாக முன்னால் குனிந்து முழங்கையைப் பின்னால் இழுங்கள். கழுத்துக்கு வந்தவனுக்குத் தோள் பயிற்சி எதற்கு என்று நானும் பிசியோவிடம் கேட்டேன். கையைத் தூக்கும் தசைகள் கழுத்திலிருந்துதான் தொங்குகின்றன, தோள் தளர்ந்தால் கழுத்து இழுபடும் என்றார்.

மூன்றாவதாக, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையும் கையும் ஒன்றையொன்று தள்ளட்டும், தலை அசையாமல் ஐந்து நொடி. பிறகு பிடறியில், இரண்டு பக்கத்திலும். பலத்தில் கால்பங்கு போதும். மூச்சை அடக்காதீர்கள். பிபி உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

வாரத்துக்கு மூன்று நாளாவது, ஆறு வாரம் குறையாமல். கூடவே தினம் அரை மணி நடை. சில்வர் பீச்சில் நடந்தாலும் சரி, வீட்டு மொட்டை மாடியில் நடந்தாலும் சரி.

8. டாக்டர், எக்ஸ்ரே, ரிப்போர்ட்

நாலைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றமில்லை என்றால் போங்கள். கை மரத்துக்கொண்டே இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். கையில் பலம் குறைந்தால் உடனே. ஜிப்மரில் சீட்டு வாங்கக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும், இரண்டாம் படியில் வரைந்த தாளை மறக்காமல் எடுத்துப்போங்கள். கடலூர் மாவட்டத்தில் நடமாட முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எக்ஸ்ரே எடுத்தால் "தேய்மானம்" என்று எழுதி வரும். அதைப் படித்துவிட்டு வண்டி ஓட்டுவதையும் குனிவதையும் விட்டவர்கள் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். முடி நரைப்பது போலத்தான். நரம்பு அழுத்தம் என்றால் எம்ஆர்ஐ தேவைப்படலாம். அப்போதும் பெரும்பாலோருக்குச் சில வாரம் முதல் சில மாதத்தில் அறுவை சிகிச்சை இல்லாமலே தணிந்துவிடுகிறது. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் படத்தில் இருப்பதுதான் என் வலிக்குக் காரணமா?"

9. திரும்ப வந்தால்

வரும். எனக்குப் போன தையில் முகூர்த்த வேலை முடிந்த கையோடு வந்தது. முதல் தடவை மாதிரி பதறாமல் முதல் படியிலிருந்து சரிபார்த்தேன். பொத்தான் போட முடிகிறது, கை மரக்கவில்லை. இரண்டு நாள் உப்பு ஒத்தடம், மூன்றாம் நாள் அசைவு. பிறகு ஆறாம் படிக்கு வந்து, என்ன மாறியிருக்கிறது என்று தேடினேன். புதிதாக வந்த பெரிய மானிட்டரை யாரோ ஸ்டாண்டோடு உயர்த்தி வைத்திருந்தார்கள். இறக்கினேன், எட்டு நாளில் சரியானது.